பீரங்கியின் வாயில் பூ

பத்தொன்பதாம் நூற்றாண்டுப் போரைப் பற்றிய என் நாவலின் விளம்பரத்துக்காக, ஜார்ஜ் டவுன் கோட்டையில் பழைய பீரங்கியருகே நின்றேன். படமெடுக்க வந்தவன் சித்தி மகன் குணா.

“அக்கா, அந்தப் பூவ எடுத்துருங்க. சண்டக் கதைக்குச் சரியா வராதுலா.”

பீரங்கியின் வாய்க்குள் யாரோ செவ்வந்தி வைத்திருந்தார்கள். குனிந்ததும் இரும்பும் பூவும் கலந்த வாசம் வந்தது.

முன்பு சித்தியோடு இங்கே வந்தபோது எனக்கு ஏழு வயது. வெயிலில் சுட்ட இதே இரும்பைச் சித்தி முந்தானையால் துடைத்தாள். பூவை வைத்துவிட்டு ஏதோ முணுமுணுத்தாள்.

“பீரங்கிகிட்ட என்ன கேட்டீங்க சித்தி?”

“ஒரு பாப்பா. இதுக்குப் பூ வச்சு வேண்டினா பிள்ளை பொறக்கும்னு சொல்வாங்க. உனக்கும் விளையாட ஆளு வேணும்ல.”

“பூ இருக்கட்டும்டா,” என்றேன் குணாவிடம். “உங்கம்மா இதுகிட்டதான் உன்னைக் கேட்டாங்க.”

குணா கேமராவைத் தாழ்த்தினான்.

“அக்கா, நீங்க கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மொதல்ல இந்தப் பூவ ஒரு படம் எடுத்துக்கிறேன்.”