வாய்க்காலுக்கு விட்ட இடம்

அந்த வருஷம் தஞ்சாவூருக்கு வேலைக்குப் போய்வந்த ரயிலில், செல்போனில் நான் ஆடாத விளையாட்டு இல்லை. ஊர்களைக் கட்டினேன், எதிரிகளைச் சுட்டேன். எதுவும் நினைவில் தங்கவில்லை. தங்கியிருப்பது, நீடாமங்கலத்தில் ஏறி எதிரே உட்காரும் ஒருவர் ஆடிய விளையாட்டுதான்.

கோர்ட்டில் வாய்தா உள்ள நாளில் மட்டும் வருவார். வெள்ளைச் சட்டை, நரைத்த மீசை, மடியில் வழக்குக் கட்டு. போனில் விவசாய விளையாட்டைத் திறக்கும்முன் செருப்பைக் கழற்றி இருக்கைக்கு அடியில் தள்ளிவிடுவார், வயலில் இறங்குகிறவர் மாதிரி. சிரிப்பதா வேண்டாமா என்று எனக்குத் தெரியாது.

அவருடைய திரை முழுக்கப் பயிர். ஓரத்தில் மட்டும் ஒரு பட்டை சும்மா கிடக்கும். ஒருநாள் கேட்டுவிட்டேன்.

“அங்க ஏன் ஒண்ணும் போடலீங்க?”

“அடுத்த வயலுக்குத் தண்ணி போக வேணாமா?”

“இதுல அடுத்த வயலே கிடையாதுங்களே.”

“இருந்தா போகணும்ல, தம்பி.”

வழக்கு என்னவென்று புரிந்துவிட்டதாக நினைத்தேன். “உங்க வயலுக்கு வர்ற தண்ணிய யாராவது மறிச்சுட்டாங்களா?”

“இல்ல தம்பி. பக்கத்து வயலுக்குப் போறத நான்தான் மறிச்சேன். கோர்ட்டு சொன்னாலும் விடமாட்டேன்.”

அவர் குரலில் கோபமே இல்லை. தஞ்சாவூர் வந்ததும் செருப்பை மாட்டிக்கொண்டு இறங்கிப் போனார்.

இப்போது அதே விளையாட்டை நானும் ஆடுகிறேன். எனக்கு வயலும் கிடையாது, வாய்க்காலும் கிடையாது. ஆனாலும் ஓரத்தில் ஒரு பட்டையை விட்டுத்தான் நடுகிறேன்.