மருந்து என்று நான் சொன்னது

எட்டாம் வகுப்போடு படிப்பை விட்டவன் நான். அதைச் சொல்ல எனக்கு வெட்கமில்லை. சைக்கிளில் பேப்பர் போட்டுத் தொடங்கி, பிறகு அதே பேப்பருக்கு வன்னிச் செய்தி எழுதி, கடைசியில் ஒரு பல்கலைக்கழக வளாகத்தின் ஊடகப் பிரிவில் போய் இருந்தேன். இரண்டு பட்டதாரிகள் அந்தக் கதிரையில் இருந்து பார்த்துவிட்டு இடமாற்றம் வாங்கிக்கொண்டு போனார்கள். அறுபது தாண்டியும் என்னை ஒப்பந்தத்தில் வைத்திருக்கிறார்கள் என்றால் காரணம் இல்லாமல் இல்லை.

காரணம் என் வாய்தான். வவுனியாவிலிருந்து முல்லைத்தீவு வரைக்கும் எந்த நிருபர் எடுத்தாலும் அந்த இடத்திலேயே பதில் சொல்லுவேன். படித்தவர்கள் "விசாரித்து அறியத்தருகிறோம்" என்பார்கள். அப்படிச் சொன்ன இடத்தில் வதந்திதான் முளைக்கும். பேராசிரியர்மார் இரண்டு பக்கத்தில் தருகிற அறிக்கையை ஆறு வரியில், வயலில் நிற்கிறவனுக்கும் விளங்குகிற தமிழில் எழுதி அனுப்புவேன். "உங்கட தமிழிலதான் என்ர ஆராய்ச்சி எனக்கே விளங்கினது" என்று ஒருவர் வாய்விட்டுச் சொன்னவர்.

அந்தத் தமிழ்தான் ஒரு பிள்ளையைக் கொண்டுபோய் வீட்டில் இருத்தியது.

பெண்கள் விடுதியில் காய்ச்சல் பரவியிருந்த கிழமை. விவசாயம் படிக்கிற மூன்றாம் வருடப் பிள்ளை ஒன்று செயன்முறைப் பாடத்தில் வயல் வரம்பிலேயே மயங்கி விழுந்தது. அக்கராயனில் வயல் செய்கிற ஒருவருடைய ஒரே மகள். வளாக வான் வண்டியில் ஆசுப்பத்திரிக்கு ஏற்றினார்கள். நான் மோட்டார் சைக்கிளில் பின்னால் போனேன். காய்ச்சலோடு சாப்பிடாமல் நின்றதில் வந்த மயக்கம் என்று டொக்டர் சொன்னார். மருந்து கொடுத்துப் படுக்க வைத்தார்கள். நான் கட்டிலடியில் நிற்கும்போதே ஒரு நிருபர் எடுத்தான். இணையத்தளத்துக்கு எழுதுகிற பெடியன்.

"ஐயா, உங்கட கம்பஸ் வான் ஆசுப்பத்திரிக்குள்ள வந்ததாம். ஆருக்கு என்ன?"

"பயப்பிட ஒண்டுமில்லை தம்பி. எங்கட பிள்ளை ஒண்டு மருந்து குடிச்சிட்டுப் படுத்திருக்கிறா."

"எப்ப குடிச்சவா?"

"ஒரு மணித்தியாலம் இருக்கும்."

"ஆளுக்குப் பிரச்சினை இல்லையே?"

"சேச்சே. நல்லாக் கதைக்கிறா. நாளைக்கு விட்டிடுவினம்."

"அப்ப போடுறன் ஐயா."

"போடு, போடு. ஊடகப் பிரிவு சொன்னது எண்டும் போடு."

எங்கள் பக்கத்தில் காய்ச்சலுக்குக் குடிக்கிறதும் மருந்து, நெல்லுக்கு அடிக்கிறதும் மருந்து. ஆனால் ஒரு பிள்ளை மருந்து குடித்துவிட்டது என்று சும்மா சொன்னால், கேட்கிறவன் வயல் மருந்தைத்தான் நினைப்பான். இது எனக்குத் தெரியாததா? அப்படிச் செத்துப்போனவர்களின் செய்தியை என் கையாலேயே எத்தனை எழுதியிருப்பேன்! அன்றைக்குக் கண்ணுக்கு முன்னால் தாதி பாணி மருந்தை ஊற்றிக் கொடுத்துக்கொண்டு நின்றா. வாய் கண்டதைச் சொல்லிவிட்டது.

நான் அலுவலகத்துக்குத் திரும்பி வர முதலே செய்தி வந்துவிட்டது. "வளாக மாணவி நஞ்சருந்தினார். ஊடகப் பிரிவு உறுதிப்படுத்தியது." எங்கேயோ விசாரித்துப் பீடம், வருடம், ஊர், எல்லாம் போட்டிருந்தான். பெயர் மட்டும் இல்லை. அக்கராயனில் இருந்து அந்த வருடத்தில் படிக்கிறது ஒரே ஒரு பிள்ளை. பிறகு பெயர் என்னத்துக்கு?

உடனே பெடியனுக்கு எடுத்தேன்.

"டேய், நான் காய்ச்சல் மருந்தையெல்லோ சொன்னனான்!"

"ஐயா, காய்ச்சல் எண்ட சொல்லே உங்கட வாயில வரேல்லை. ரெக்கோட் கிடக்கு, போட்டுக் காட்டட்டோ?"

"ரெக்கோட்டை விடு. முதல் அதைத் தூக்கு."

"நான் தூக்குவன். மற்ற ஏழெட்டுப் பேர் எடுத்துப் போட்டிட்டாங்கள். அவங்களை ஆர் தூக்கிறது?"

அவன் சொன்னது சரி. ஒவ்வொருவராக எடுத்தேன். என்னிடம் செய்தி எழுதப் பழகினவர்களும் அதில் இருந்தார்கள். "பாக்கிறம் ஐயா" என்றார்கள். பின்னேரம் நிர்வாகம் ஒரு மறுப்பறிக்கை விட்டது. 'அவ்வாறான சம்பவம் எதுவும் இடம்பெறவில்லை' என்று நான்தான் எழுதினேன். அதுவும் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும். சம்பவம் இல்லை என்று வளாகம் சொன்னால் சம்பவம் இருக்கிறது என்றுதான் சனம் வாசிக்கும். "மூடி மறைக்கினம்", "காதலாம், ஆர் அந்தப் பெடியன்?", "சீனியர்மாரின்ர பகிடிவதையாம்" என்று கீழே எழுதத் தொடங்கிவிட்டார்கள்.

நான் திரும்பவும் ஆசுப்பத்திரி வாசலில் நிற்க, இருட்ட முதல் தகப்பன் வந்து சேர்ந்தார். சேற்றுக் காலோடு வந்திருந்தார். மகளிடம் போக முதல் என்னைத்தான் கேட்டார்.

"ஐயா, நீங்கள் வயசுக்கு மூத்தவர். உண்மையைச் சொல்லுங்கோ. என்ர பிள்ளை குடிச்சதோ?"

"சத்தியமா இல்லை. காய்ச்சல். நான் சொன்னதை மாறி விளங்கிப்போட்டாங்கள்."

"நீங்கள் அப்பிடித்தான் சொல்லோணும். அதுதானே உங்கட வேலை."

டொக்டரிடம் கூட்டிப்போனேன். டொக்டர் வருத்தத்தின் விவரம் எழுதின அட்டையைக் காட்டினார். தகப்பன் அட்டையைப் பிடித்துக்கொண்டு, "கம்பஸ் கேட்டா இப்பிடி எழுதிக் குடுப்பினம் என்ன?" என்று மெதுவாகக் கேட்டார். கோபம் இல்லை. கோபப்பட்டிருந்தால் சமாளித்திருப்பேன்.

அடுத்த நாள் பிள்ளையைக் கூட்டிக்கொண்டு போய்விட்டார். மூன்றாம் வருடச் சோதினைக்கு மூன்று கிழமைதான் இருந்தது. தகப்பன் வாடகைக்குப் பிடித்த வானில் ஏற முதல் அவள் என்னைப் பார்த்துச் சொன்னாள்:

"ஐயா, குளிசை போட்டிட்டுப் படுத்திருக்கிறா எண்டு சொல்லியிருக்கலாமே."

சொல்லியிருக்கலாம்தான். மாத்திரையை ஒருவரும் நெல்லுக்கு அடிக்கிறதில்லை. ஒரு சொல்லு.

இரண்டாம் கிழமை நான் அக்கராயனுக்குப் போனேன். நேரில் நின்று கதைத்தால் சனம் கேட்கும் என்று நம்பினேன். கேட்டார்கள். கதிரை போட்டு, தேத்தண்ணி தந்து, தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார்கள். பக்கத்து வீட்டு அம்மா, "அதை விடுங்கோ ஐயா, பிள்ளை தப்பினதே காணும்" என்று என் கையைப் பிடித்தா. தாய் குசினிக்குள் நின்று அழுதா. வீட்டில் ஒரு வயல் மருந்துப் போத்தல் இல்லை. எல்லாவற்றையும் தன் தமையன் வீட்டில் கொண்டுபோய்ப் பூட்டி வைத்துவிட்டு, நெல்லுக்குப் பூச்சி விழுந்த நேரத்தில் தகப்பன் இரண்டு கட்டை தூரம் ஓடிப் போய் எடுத்து வந்து அடிக்கிறாராம்.

பிள்ளை முற்றத்துக்கு வந்தாள். மெலிந்திருந்தாள்.

"நான் குளிக்கப் போனாலும் அம்மா கதவடியில நிக்கிறா. இதில இருந்தால் எனக்கு உண்மையாவே விசர் வந்திடும். எனக்குச் சோதினை எழுதோணும் ஐயா."

"நான் கொப்பரோட கதைக்கிறன் பிள்ளை."

"வேண்டாம்! நீங்கள் கதைக்காதேங்கோ. நீங்கள் கதைக்கக் கதைக்கக் கூடுது. நானே கேக்கிறன்."

அவளே கேட்டாள். இரண்டு நாள் சாப்பிடாமல் இருந்து கேட்கலாம் என்று யோசித்தாளாம். அதையும் வேறு மாதிரி எடுப்பார்கள் என்று பயந்து, மூன்று வேளையும் ஒழுங்காகச் சாப்பிட்டுக்கொண்டே கேட்டாளாம். தகப்பன் சம்மதித்தார். விடுதியில் விடமாட்டாராம், தானே ஏற்றி இறக்குவாராம்.

சோதினை நாட்களில் விடியக் கிளம்பி மோட்டார் சைக்கிளில் கொண்டுவந்தார். மண்டபத்துக்கு எதிரே வேம்புக்குக் கீழே குந்தியிருப்பார். மகள் மலசலகூடத்துக்கு என்று வெளியே வந்தால் எழும்பி நிற்பார். அவள் உள்ளே போன பிறகுதான் இருப்பார். நானும் போய்ப் பக்கத்தில் இருந்தேன். மழை, நெல்லு விலை, குளத்துத் தண்ணி என்று ஏதோ கதைத்தோம். காய்ச்சலைப் பற்றி நான் வாய் திறக்கவில்லை.

கடைசித் தாளன்று அவள் மண்டபத்துக்குள் போகிற நேரம் தண்ணிப் போத்தலை மோட்டார் சைக்கிளிலேயே விட்டுவிட்டாள். கூப்பிட்டு நிறுத்தினார். நான் பார்த்துக்கொண்டு நிற்க, மூடியைத் திறந்து மூக்கடியில் பிடித்து ஒருக்கால் மணந்து பார்த்தார். பிறகுதான் கொடுத்தார். அவள் வாங்கிக்கொண்டு உள்ளே போனாள்.