நான் சொன்னேன்னு சொல்லுங்க

உடன்குடியில் கருப்பட்டிக் கடை வைத்திருக்கும் ஓர் அண்ணாச்சிக்கு வெப்சைட் செய்து கொடுத்தேன். கண்ணாடியை எப்போதும் நெற்றியில் ஏற்றிவிட்டுத்தான் ஆளைப் பார்ப்பார். கூகுளில் முன்னால் வர, காசு கொடுத்து நூறு வெப்சைட்களில் லிங்க் போடலாம் என்றேன்.

அப்போது ஒருவர் பனங்கற்கண்டு கேட்டார். இருப்பு இல்லை. "எதுத்த கடைக்குப் போங்க. நான் சொன்னேன்னு சொல்லுங்க." அடுத்தவர் சில்லுக்கருப்பட்டி கேட்டார். "அந்தா, முக்குக் கடையில கெடைக்கும்." கைகாட்டியதோடு சரி, தன் பேரைக் கொடுக்கவில்லை. பேரைக் கொடுக்கும் லிங்க், வழி மட்டும் காட்டும் லிங்க் என்று கூகுளும் இப்படித்தான் பிரிக்கிறது; முன்னால் கொண்டுவருவது முதல் வகைதான்.

என்னிடம் திரும்பினார். "தம்பி, அந்த நூறு பேரும் நம்ம கருப்பட்டியத் தின்னு பாத்திருக்காவளா?"

லேப்டாப்பை மூடிவிட்டேன்.

போன வாரம் வேறொரு கடைக்காரர் வெப்சைட் கேட்டு அழைத்தார். அண்ணாச்சிதான் அனுப்பினாராம். தன் பேரைச் சொல்லச் சொன்னாரா என்று கேட்க எனக்கு இன்னும் துணிச்சல் வரவில்லை.