சாப்பாட்டு அறையில் நுழைந்த வளர்ச்சி

“க்ரோத்துன்னா என்னடி?” வேலையிலிருந்து வந்து செருப்பைக்கூடக் கழற்றாமல் அக்கா மகளிடம் கேட்டாள் சித்தி.

“வளர்ச்சி, சித்தி.”

“எது வளர்றது? பிள்ளையா, பயிரா?”

“ரெண்டுக்கும் சொல்லலாம். வியாபாரம் பெருகினாலும் அதுதான். உடம்புல கட்டி வந்தாக்கூட டாக்டர் அதைத்தான் சொல்வாரு.”

“கட்டிக்குமா? அப்ப பார்த்துத்தான் ஒட்டியிருக்கானுங்க.”

பிறகுதான் நடந்ததைச் சொன்னாள். சித்திக்கு ஆயத்த ஆடைத் தொழிற்சாலையில் இஸ்திரி போடும் வேலை. அந்தப் பிரிவில் நாற்காலியே கிடையாது. உட்கார்ந்தால் சட்டையில் மடிப்பு விழும் என்பது மேனேஜர் கண்டுபிடித்த சாஸ்திரம். நாள் முழுக்க ஆவியில் நின்றே வெந்த பெண்கள் காலை மடக்க இருந்த ஒரே இடம் சாப்பாட்டு அறை. அங்கே அவர்களாக ஒரு வழக்கம் வைத்திருந்தார்கள். அன்றைக்கு யாருக்குக் கால் அதிகமாக வீங்கியிருக்கிறதோ, சுவரோரத்து பெஞ்சு அவளுக்கு. நீட்டிப் படுத்துக்கொள்ளலாம். மற்றவர்களுக்குத் தரை. அதில் சண்டையே வந்ததில்லை. வாய் பொய் சொல்லலாம், வீங்கிய கால் சொல்லாது.

அன்று மதியம் போனால் பெஞ்சு வெளியே கவிழ்ந்து கிடந்தது. அறைக்குள் புது மெஷின்கள். கதவில் பளபளவென்று அந்த இங்கிலீஷ் வார்த்தை.

“எங்க உட்கார்ந்து சாப்பிடறதுன்னு மேனேஜரைக் கேட்டேன். ‘கம்பெனி வளருதும்மா, சந்தோஷப்படுங்க. படிக்கட்டு இருக்கே’ங்கறான். ஏறுறவன் செருப்பும் இறங்குறவன் செருப்பும் என் சோத்தை உரசிக்கிட்டுப் போகுதுடி.”

அக்கா மகளுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதே வார்த்தையை விளம்பரங்களில் விதவிதமாகத் தமிழ்ப்படுத்துவதுதான் அவள் பிழைப்பு. ‘ஏற்றம்’ என்று எழுதியிருக்கிறாள், ‘உயர்வு’ என்று எழுதியிருக்கிறாள். யாரை எழுப்பிவிட்டு வந்த உயர்வு என்று எந்த விளம்பரத்திலும் இடம் விட்டதில்லை. வாய்வரை வந்த கோபத்தை வழக்கம்போல விழுங்கிவிட்டு, “மேனேஜருக்கு நான் எழுதித் தரட்டா?” என்றாள்.

“நான் நேர்ல கேட்டதையே அவன் காதுல போட்டுக்கல. எழுதினதையா படிக்கப் போறான்?”

சித்தி அப்போதுதான் உட்கார்ந்து பாதத்தைப் பிடித்துவிட்டுக்கொண்டாள்.

“அடுத்த வாரம் சரக்கு வாங்குற வெளிநாட்டுக்காரங்க வர்றாங்க. நான்தான் பழைய ஆளாம், பூங்கொத்து கொடுத்து ‘வி ஆர் ஹேப்பி’ன்னு சொல்லணுமாம். மனப்பாடம் பண்ணச் சொல்லியிருக்கான்.”

“சொல்லப் போறீங்களா?”

“மனப்பாடம்னு ஆனப்புறம் எது பண்ணா என்ன? எங்களுக்கு உட்கார இடமில்ல, பெஞ்சைத் திருப்பித் தரச் சொல்லுங்க. இதை இங்கிலீஷ்ல எனக்குச் சொல்லிக் கொடு. சின்னச் சின்ன வார்த்தையா இருக்கட்டும், நாக்கு தடுக்கக் கூடாது.”