வலப்பக்கம் நீட்டிய கை

டாக்டர் தொப்பையைக் குறைக்கச் சொன்னதால் சைக்கிள் வாங்கியவன் நான். சேலையூரில் வலப்பக்கம் திரும்ப வேண்டும். வேளச்சேரி சாலையில் ஒரு வண்டியும் வழிவிடவில்லை. தொப்பை பயத்திலேயே கரைந்துகொண்டிருந்தது.

பக்கத்தில் இன்னொரு சைக்கிள்காரர் வந்தார். தலையில் ஹெல்மெட், பேண்ட் காலில் கிளிப். வலது கையைத் தோள் உயரத்துக்கு விறைப்பாக நீட்டினார்.

"என்ன சார் பண்றீங்க?"

"திரும்பறதுக்கு முன்னாடி கை காட்டணும். ரூல் இருக்கு. காட்டினா நிப்பாங்க."

நான் சிரிப்பை அடக்குவதற்குள் ஒரு ஷேர் ஆட்டோ கிறீச்சென்று நின்றது.

"மேடவாக்கமா சார்? சீக்கிரம் ஏறு!"

பின்னால் பஸ், லாரி, தண்ணி வண்டி எல்லாம் ஹாரன் அடித்தபடி நின்றன. எதிரே வந்தவர்கள் வேடிக்கை பார்க்க நின்றார்கள். அவர் டிரைவருக்குத் தலையசைத்துவிட்டு நிதானமாகத் திரும்பினார். நானும் ஒட்டிக்கொண்டேன்.

"யோவ், ஏறாம போய்க்கினே கீற! இன்னாத்துக்குயா கை காட்டின?"

அந்தப் பக்கம் போனதும் அவர் சொன்னார்: "பாத்தீங்களா? நாம ரூலை மதிச்சா ஜனங்களும் மதிக்கிறாங்க."

முகத்தில் சிரிப்பே இல்லை. விஷயம் அவருக்குத் தெரியுமா, தெரியாதா? இன்றுவரை எனக்குப் புரியவில்லை. ஆனால் இப்போது நானும் தவறாமல் கை காட்டுகிறேன், ஷேர் ஆட்டோ வருகிறதா என்று பார்த்துவிட்டு.