சிக்கந்தர் அண்ணன் திறந்து கொடுத்த படங்கள்

பாயான் பாரு தொழிற்சாலையில் காலை ஷிப்டில் இருந்தபோது மேற்பார்வையாளர் என்னைத் தொலைபேசிக்கு அழைத்தார். மறுமுனையில் சிக்கந்தர் அண்ணனின் தம்பி.

"அண்ணன் சுபுஹு தொழுகைக்கு முன்னால போயிட்டாரு அக்கா. தூக்கத்துலயே."

"வலி இருந்துச்சா?"

"இல்லக்கா. எழுப்பப் போனப்பதான் தெரிஞ்சுச்சு."

எனக்கு நிம்மதியாக இருந்தது. இதை எழுத நான் வெட்கப்படவில்லை. சிறுநீரகம் கெட்டு, டயாலிசிஸ் ஊசி ஏறி ஏறிக் கட்டை போல வீங்கிய அவருடைய இடது கையைப் பார்த்தவர்கள் என்னைத் தவறாக நினைக்க மாட்டார்கள். இந்தத் தீவில் அடுக்குமாடிகள் எழும் வேகத்தில் டயாலிசிஸ் இயந்திரங்கள் வருவதில்லை. தன் முறைக்காக அவர் மருத்துவமனை நாற்காலியில் காத்துக் கிடந்தது போதும்.

கப்பித்தான் கெலிங் பள்ளிவாசல் சாலையில், மசாலா மொத்த வியாபாரியின் கடைக்கு மேல்மாடியில் அவர் கணினி பழுது பார்த்தார். குடும்பத்துக்கு நாசி கண்டார் சோற்றுக்கடை இருந்தது. "அங்க சட்டி சூடு, இங்க மானிட்டர் சூடு. இங்க வியர்வை சோத்துல விழாது," என்பார். நாளைக்குத் தருகிறேன் என்றால் அடுத்த வாரம் என்று பொருள். கடனுக்குச் சிகரெட் வாங்குவார், நோய் வந்த பிறகும் வாங்கினார். அவரைப் புனிதராக்க எனக்கு ஆசையில்லை. சனிக்கிழமைகளில் அவருடன் வேலை செய்து சண்டையும் போட்டவள் நான்.

ஒருமுறை கல்யாண வீடியோ எடுப்பவர் ஒருவர் சிடியோடு வந்து, கம்ப்யூட்டரில் போட்டால் படமே வரவில்லை என்று கத்தினார். உள்ளே ஒரே ஒரு பெரிய கோப்பு இருந்தது. ஒரு முழு சிடியையும் அப்படியே ஒரே கோப்பாக மாற்றி வைப்பதுண்டு, அதை இமேஜ் என்போம். அதைப் பிரித்துப் புது சிடியில் எழுத வேண்டும். இவரோ கோப்பை அப்படியே சிடிக்குள் போட்டிருந்தார். சிக்கந்தர் அண்ணன் விளக்கியது இப்படி: "அண்ணே, ஒரு வீட்டையே மடிச்சு பெட்டியில வெச்சு உங்ககிட்ட குடுத்திருக்காங்க. நீங்க பெட்டி மேல ஏறி உக்காந்துகிட்டு கதவு எங்கன்னு கேக்கறீங்க." வந்தவரும் சிரித்துவிட்டார்.

அப்படிப்பட்ட ஓர் இமேஜ்தான் பிறகு என் அம்மாவின் வீட்டைத் தீர்மானித்தது.

அம்மா, கடலுக்கு அந்தப் பக்கம் பத்து காவான் ஊரில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டினாள். நிலத்தைத் தொழிற்பேட்டைக்கு எடுத்தார்கள். மாற்று வீடு தருவோம், ஆனால் நிரந்தரத் தொழிலாளிகளுக்கு மட்டும் என்றது நிர்வாகம். அம்மாவைப் போன்ற ஒப்பந்தக்காரர்கள் அங்கே குடியிருந்ததற்கே ஆதாரம் கேட்டார்கள். தாத்தா காலத்திலிருந்து அதே லயத்து வரிசை வீடுகளில் சமைத்து, பெற்று, செத்த குடும்பங்களிடம் கேட்ட கேள்வி இது. அதற்கு முந்தைய ஆண்டு கோலாலம்பூரிலிருந்து வந்த மாணவர் ஒருவர், ஒவ்வொரு குடும்பத்தையும் வீட்டு எண் தெரிய வாசலில் நிற்க வைத்துப் படம் எடுத்து, அவர்கள் பேசியதையும் பதிந்து, ஒரு சிடியாக்கிக் கொடுத்திருந்தார். சிடியை எங்கள் வக்கீல் அலுவலகத்தில் தொலைத்துவிட்டார்கள். மன்னிப்புக்கூடக் கேட்கவில்லை. மிச்சம் இருந்தது, கோயில் மண்டபக் கணினியில் மாணவர் விட்டுப்போன இமேஜ் மட்டும். அது திறக்க மறுத்தது. திங்கட்கிழமை நில அலுவலகத்தில் விசாரணை.

சனிக்கிழமை காலை, கணினியைப் படுக்கை விரிப்பில் சுற்றி ஃபெரியில் ஏற்றி வந்தோம், நானும் கண்ணையா மாமாவும். மாமா தோட்டத்து லாரி டிரைவர், குடியிருப்போர் குழுவின் செயலாளர். எங்கள் லயத்தில் கணினி வகுப்புக்குப் போய் வந்த ஒரே ஆள். மண்டபத்துச் சாவி அவர் இடுப்பில்தான் தொங்கும். அண்ணன் கடை திறக்க நேரமாகும் என்று வழியில் நாங்கள் நுழைந்த கடையில் வைரஸ் என்றார்கள், மொத்தத்தையும் அழித்துவிடலாம் என்றார்கள். நல்ல வேளை, மாமா விடவில்லை.

சிக்கந்தர் அண்ணன் திரையைத் தொடவே இல்லை. முதலில் கேட்டார்.

"கடைசியா எப்ப நல்லா திறந்துச்சு?"

"தைப்பூசத்துக்கு முன்ன திறந்துச்சு தம்பி."

"அதுக்கப்புறம் யாராச்சும் கை வெச்சாங்களா?"

"யாரும் வெக்கல."

எனக்குப் பொறுக்கவில்லை. "பொய் சொல்லாதீங்க மாமா! சாவி உங்ககிட்டதானே இருக்கு? உங்களால எங்கம்மா தெருவுல நிக்கப் போறா!"

மாமா தரையைப் பார்த்தார். சிக்கந்தர் அண்ணன் என் பக்கம் திரும்பினார்.

"தங்கச்சி, வாயை மூடு லா. ரிப்பேருக்கு வந்தது கம்ப்யூட்டர். மாமா வரல."

பிறகு திரையைப் பார்த்தார். இந்த இமேஜில் இரண்டு கோப்புகள் இருந்தன. ஒன்று மிகப் பெரியது, படமும் குரலும் அதற்குள். மற்றது மிகச் சிறியது. எந்தப் பெரிய கோப்பைத் திறக்க வேண்டும், எது எங்கே தொடங்குகிறது என்று சொல்வது அதுதான். பெரிய கோப்பின் பெயரைப் பார்த்ததும் அவர் புன்னகைத்ததை நான் கவனித்தேன். நாற்காலியைத் திருப்பி மாமாவிடம் ஊர்க்கதை பேசத் தொடங்கினார்.

"மாமா, நான் கடை திறந்த புதுசுல எங்கம்மா சொல்லுச்சுன்னு ஒவ்வொரு பைலுக்கும் முன்னால 786 போட்டேன். நல்லா நடக்கணுமில்ல? மறுநாள் ஒரு புரோகிராமும் ஓடல. அது பழைய பேரையே தேடுது, இங்க ஒண்ணும் இல்லேங்குது. எங்க வாப்பா சிரிச்ச சிரிப்பு இருக்கே, கீழ மசாலா வாங்க வந்தவன் எல்லாம் மேல ஏறி வந்துட்டான்."

மாமா தலையை நிமிர்த்தினார்.

"விசாரணைக்குப் போற சாமானாச்சே தம்பி. வெறும் பேரோட போக வேணாமேன்னு... முன்னால ஓம் போட்டேன். பெருசுக்கு மட்டுந்தான் போட்டேன். மத்தத நான் தொடல."

"சரியான காரியந்தான் மாமா. குட்டி பைலுகிட்டச் சொல்லாம விட்டுட்டீங்க, அவ்ளோதான். அது இன்னும் பழைய பேரைச் சொல்லிக் கூப்பிட்டுக்கிட்டு இருக்கு."

"அப்ப ஓமை எடுத்துடுங்க," என்றேன் நான்.

"ஏன் எடுக்கணும்? இருக்கட்டும்." சிறிய கோப்பைத் திறந்தார். உள்ளே சில வரிகள். முதல் வரியில் இருந்த பெயருக்கு முன்னால் ஓம் என்று தட்டிச் சேமித்தார். மறுபடி இயக்கினார். கணினி திட்டாமல் ஏற்றுக்கொண்டது.

புது சிடியில் எழுதத் தொடங்கியதும் எங்களை அசையக் கூடாது என்றார். பலகைத் தரை அதிர்ந்தால் எழுதுவது கெட்டுவிடும் என்பது அவர் நம்பிக்கை. படியேற வந்த மசாலாக் கடைப் பையனை "அங்கேயே நில்லுடா, பிரசவம் நடக்குது!" என்று விரட்டினார். மூன்று பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தோம். சிடி வெளியே வந்தது. திரும்ப உள்ளே போட்டார். படங்கள் வரிசையாக வந்தன. நீலக் கதவு, வெள்ளைச் சாயத்தில் வீட்டு எண், முன்னால் கைலியும் ரப்பர் செருப்புமாக என் அம்மா, வெயிலுக்குக் கண்ணைச் சுருக்கிக்கொண்டு. எழுந்து திரைக்கு முன்னால் போய் நின்றேன்.

"உங்கம்மாவா? உன்னை மாதிரியே முறைக்கறாங்க," என்றார் அண்ணன்.

திங்கட்கிழமை அதிகாரி படங்களைப் பார்த்தார், குரல்களைக் கேட்டார், ஒப்பந்தக் குடும்பங்களையும் சேர்த்தார். அம்மாவுக்கு வீடு கிடைத்தது. மாடி வீடு, லிப்ட் பாதி நாள் ஓடாது, சுவர் இப்போதே வெடித்திருக்கிறது. அதற்காகவும் யாரையாவது கேட்கத்தான் போகிறேன். ஆனாலும் கதவு அம்மாவுடையது.

அடக்கத்துக்குக் கண்ணையா மாமாவும் வந்தார். கபர்ஸ்தான் வேலிக்கு வெளியே, செருப்பைக் கழற்றிவிட்டு என் பக்கத்தில் நின்றார். "நான் பேரை மாத்துன விஷயத்தை ஒருத்தர்கிட்டயும் சொல்லலம்மா அவரு. பைல் மக்கர் பண்ணுச்சு, சரி பண்ணிட்டேன்னுதான் எல்லார்கிட்டயும் சொன்னாரு. லயத்துல இன்னிக்கு வரைக்கும் யாருக்கும் தெரியாது."

நானும் சொல்லவில்லை. இப்போது எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன்.

"எழுது. என் பேரையும் போடு. இல்லேன்னா அவரு என்ன செஞ்சாருன்னு எப்படித் தெரியும்?"

போட்டிருக்கிறேன். அன்று அந்த மேல்மாடியில் என் கோபம் முழுவதும் அந்தக் கிழவர் மேல் இறங்கவிருந்தது. வீட்டைப் பறித்தவர்களும் சிடியைத் தொலைத்தவர்களும் அங்கே இல்லை, கைக்கு எட்டியவர் அவர்தான். இன்னும் ஒரு வார்த்தை பேசியிருந்தால் மாமா சாவியைக் கழற்றி வைத்துவிட்டுப் போயிருப்பார், பிறகு எங்கள் வாசல் பக்கம் வந்திருக்கவே மாட்டார். சிக்கந்தர் அண்ணன் என் வாயை அடைத்தார். ஞாயிற்றுக்கிழமைகளில் மாமா படியேறி மூச்சு வாங்க வந்து, அம்மா போடும் காப்பியில் சீனி போதவில்லை என்று குறை சொல்லிக் குடிக்கிறார். அண்ணனிடமிருந்து எனக்கு மிஞ்சியது அதுதான்.