கலப்பு ஊசிக்காரரைக் கப்பலேற்றிய கதை

பயண முகவர் வேலை என்பது, பயணம் போகிறவர் வீட்டில் நிம்மதியாகத் தூங்க, ரிக்கெற் விற்றவனுக்குத் தலை சுற்றுகிற தொழில். ரொறன்ரோவின் வெக்ஸ்போர்ட்டில் ஒரு இடியப்பக் கடைக்குப் பக்கத்தில் இருக்கிற என் சின்ன ஒபிசில் முப்பது வருஷமாக எனக்கு அப்படித்தான் சுற்றுகிறது. கவுண்டருக்குப் பின்னால் நின்று பிழைக்கிற சகபாடிகளே, உங்களுக்குச் சொன்னால்தான் விளங்கும்.

கொரோனாவால் கட்டிக்கிடந்த உல்லாசக் கப்பல்கள் மறுபடி ஓடப் போகின்றன, ஆனால் இரண்டு ஊசியும் போட்டவர்கள்தான் ஏறலாம் என்று அறிவித்தார்கள். செய்தி முடிவதற்குள், புளோரிடாவில் புறப்படும் கப்பலொன்றில் எங்கள் ஆட்கள் இருபத்துநாலு பேருக்கு இடம் பிடித்துவிட்டேன். அதில் நானும், ஒபிசில் என்னோடு வேலை செய்கிற மனைவி யோகமும் அடக்கம். "ஒருத்தரையும் கரையில விட்டிட்டுக் கப்பல் போகாது" என்று எல்லோருக்கும் வாக்கும் கொடுத்தேன். ஒரு ஆள் கரையில் நின்றாலும் போதும், எங்கள் ஆட்கள் நிறைந்த ஸ்காபரோவின் கலியாண மண்டபங்களில் என் பெயரைச் சோற்றோடு சேர்த்துப் பரிமாறுவார்கள். பிறகு கடையைப் பூட்ட வேண்டியதுதான்.

நடராசா அண்ணையின் கேள்வி

பக்கத்து ஊரான அஜக்ஸில் இருக்கும் நடராசா அண்ணைக்கு முதல் ஊசி ஒரு கொம்பனியுடையது, இரண்டாவது இன்னொரு கொம்பனியுடையது. அந்த நேரம் கனடாவில் எது கைக்கு வந்ததோ அதைத்தானே போட்டார்கள்! கப்பல்காரரோ, இரண்டும் ஒரே ஊசியாக இருந்தால்தான் கணக்கு, கலப்பு ஊசி செல்லாது என்று கடிதம் போட்டுவிட்டார்கள். எங்கள் குழுவில் இப்படி ஒன்பது பேர்.

அண்ணை கடிதத்தைக் கொண்டுவந்து என் மேசையில் அறைந்தார். "என்ரை மகள் கலப்புக் கலியாணம் செய்தவள். அதையே ரெண்டு வருஷத்தில ஏற்றுக்கொண்டிட்டன். உவங்களுக்கு ஒரு ஊசியை ஏற்க என்ன கஷ்டம்?"

பதினேழாவது ஈமெயில்

அன்றிலிருந்து கப்பல் கொம்பனிக்கு நான் எழுதிய ஈமெயில்கள் பதினேழு. எடுத்த போன்களுக்குக் கணக்கே இல்லை. லைனில் காத்திருக்கும்போது போடுவார்களே ஒரு பாட்டு, அதை யோகம் நித்திரையில் முணுமுணுக்கத் தொடங்கினாள். ஒருநாள் அதே பாட்டுக்குக் குக்கரும் விசிலடித்தது. நம்பினால் நம்புங்கள்.

திடீரென்று ஒருநாள் அமெரிக்காக்காரர் கலப்பு ஊசியும் செல்லும் என்று விதியை மாற்றினார்கள். நிபுணர்கள் கூடி ஆராய்ந்தார்களாம், ரீவியில் சொன்னார்கள். நடந்தது எனக்கும் என் கீபோட்டுக்கும் தெரியும். கப்பல் கொம்பனியில் இருந்து ஒரு பெண் தானாகவே போன் எடுத்தாள். அவள் ஆங்கிலத்தில் சொன்னதைத் தமிழில் அப்படியே தருகிறேன்: "ஐயா, உங்கள் ஒன்பது பேரும் வரலாம். தயவுசெய்து இனி எங்களை அழைக்காதீர்கள்."

மூக்கு

அடுத்த விதி: கப்பல் ஏறுவதற்கு முந்திய இரண்டு நாட்களுக்குள் மூக்கில் குச்சி விட்டுச் சோதித்திருக்க வேண்டும். கப்பல் ஞாயிற்றுக்கிழமை. வெள்ளி காலை பதினொரு மணிக்கு எங்கள் தெரு மருந்துக்கடையில் எல்லோருக்கும் நேரம் எடுத்தேன். ஆனால் குச்சி மூளைக்குப் போய்விடும் என்று யாரோ எங்கள் குழுவில் வரவிருந்த கனகம்மா அக்காவுக்குச் சொல்லிவிட்டார்கள். எனக்கு ஐந்து வயது மூத்த மனுசி, கப்பலே வேண்டாம் என்று நின்றார்.

விடுவேனா? வியாழன் பின்னேரமே அவரை மருந்துக்கடைக்குக் கூட்டிப்போய், அவருக்கு முன்னால் கதிரையில் இருந்து என்னைச் சோதிக்கச் சொன்னேன். குச்சி போன தூரத்துக்கு அது பின்மண்டையால் வந்திருக்க வேண்டும். நான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. அக்கா என் மூக்கைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார். "தம்பி, உமக்கு மூக்குக்குள்ளயும் தோல் தடிப்புத்தான். சரி, நான் நாளைக்கு வாறன்."

வெள்ளி பதினொரு மணி

பதினொரு மணிக்கு மருந்துக்கடையில் நான், மருந்தாளர், ஒரு பெட்டி குச்சி. வேறு ஒரு குருவியும் இல்லை. பதினொன்றேகாலுக்கும் இல்லை. போன் எடுத்தால் ஒருவரும் தூக்கவில்லை.

பன்னிரண்டு அடித்து ஐந்து நிமிடத்தில் யோகத்தின் தலைமையில் இருபத்துமூன்று பேரும் தெருவால் வரிசையாக வந்தார்கள். வெள்ளிக்கிழமை பத்தரையிலிருந்து பன்னிரண்டு வரை இராகுகாலம்! கனகம்மா அக்கா எல்லோருக்கும் அறிவித்திருக்கிறார், எனக்கு மட்டும் சொல்லவில்லை. வரிசையில் மன்னார்ப் பக்கத்துக் கத்தோலிக்கரான பிலோமினாவும் நின்றார். "நீங்களுமா?" என்றேன். "எனக்கு உதில நம்பிக்கை இல்லை அண்ணை. ஆனா கனகம்மா அக்காவோட ஒரே கப்பலில எல்லோ போறன்!"

இருபத்துநாலாவது ஆள்

ஞாயிற்றுக்கிழமை புளோரிடாத் துறைமுகத்தில் ஒவ்வொருவரின் கடதாசியையும் மூன்றாம் முறையாகச் சரிபார்த்துக் கையில் கொடுத்து அனுப்பினேன். நடராசா அண்ணையின் கலப்பு ஊசிப் பத்திரத்தைப் பார்த்த பெண் தலையாட்டி உள்ளே விட்டாள். அண்ணை திரும்பி எனக்குச் சலூட் அடித்தார். கனகம்மா அக்கா போனார், பிலோமினா போனார், யோகமும் போனாள். என் நெஞ்சு இரண்டு அங்குலம் வீங்கியது.

பிறகு நான் என் கடதாசியை நீட்டினேன். அந்தப் பெண் அதை இரண்டு தரம் வாசித்துவிட்டு, "இது வியாழக்கிழமைச் சோதனை" என்றாள். வியாழனிலிருந்து ஞாயிறு மூன்று நாள். வெள்ளிக்கிழமை மற்றவர்களோடு நான் மறுபடி சோதிக்கவில்லை. மற்றவர்களின் கடதாசிகளை மும்முறை பார்த்த நான், என்னுடையதை ஒருமுறையும் திறக்கவில்லை. துறைமுகத்திலிருந்த சோதனை மேசையையும் அதற்குள் மூடிவிட்டார்கள். வாக்குக் கொடுத்தவனே கரையில்.

யோகம் திரும்பி வந்து கயிற்றுக்கு அந்தப் பக்கம் நின்றாள். எனக்காகக் கரையில் நிற்கப் போகிறாள் என்று நினைத்து, "நீரும் நில்லும், ஒண்டாய் வீட்டை போவம்" என்றேன். அவள் என் பிரஷர்க் குளிசையைக் கைப்பையிலிருந்து எடுத்து நீட்டினாள். "முப்பது வருஷமா ஊரில இருக்கிற எல்லாரையும் அனுப்பினீங்கள். இண்டைக்கு என்னையும் ஒருக்கா அனுப்புங்கோ."

அனுப்பினேன். மேல்தட்டில் இருபத்துமூன்று பேரும் வரிசையாக நின்று கைகாட்டினார்கள். அதில் என் யோகம் ஆக முன்னுக்கு நின்றாள். அவ்வளவு பெரிய கப்பலை நான்தான் தள்ளிவிட்டது போல இருந்தது எனக்கு.

கடை திறந்தது

நான் தனியே ரொறன்ரோவுக்குத் திரும்பி, செவ்வாய்க்கிழமை கடையைத் திறந்தேன். கப்பலில் போனவர்கள் போனில் சொன்ன கதைகள் எனக்கு முன்னமே ஊருக்கு வந்துவிட்டன. கனகம்மா அக்காவின் பயத்தைப் போக்கத்தான் நான் முதல்நாளே சோதித்து, என் பயணத்தையே விட்டுக்கொடுத்தேனாம். நான் மறுக்கவில்லை. கொஞ்சம் மெருகும் போட்டேன். கடை வாசலில் ரிக்கெற்றுக்கு வரிசையாய் நின்றவர்களில் முன்னுக்கு நின்றவர் சொன்னார்: "அண்ணை, எங்கட வீட்டில எட்டுப் பேர். அடுத்த கப்பலில ஏத்திவிடுங்கோ. நீங்கள் போன முறை மாதிரிக் கரையில நிண்டு எல்லாத்தையும் பாத்துக்கொள்ளுங்கோ."

ஆக, முப்பது வருஷத்தில் நான் விட்ட ஆகப்பெரிய பிழைதான் இந்தக் கடைக்கு இதுவரை கிடைத்த ஆகச்சிறந்த விளம்பரம்.